வாடகை வீடும் நம் கடமையும்

ஊர்விட்டு ஊர் வந்து உத்தியோகம் பார்க்கும் நம்மவர்க்கு முதற்கவலை வீடுதான். தில்லிக்கு வந்திறங்கும் இளைஞர் கரோல்பாகில் ஒரு மொட்டைமாடி அறையைத் தேடுகிறார்; அதற்கு அவ்வூரில் பர்சாத்தி என்று பெயர். மும்பைக்குச் செல்பவர் மாட்டுங்காவையும் செம்பூரையும் விசாரிக்கிறார். கொல்கத்தாவில் லேக் மார்க்கெட், பெங்களூரில் அல்சூர் என்று நம்மவர் கூடி வாழும் இடங்கள் எங்கும் உள்ளன. வீடு பார்க்கப் போகும்பொழுது வாடகை எவ்வளவு, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்கிறோம். மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்பது அமங்கலம் என்று எண்ணியோ என்னவோ விட்டுவிடுகிறோம். வாடகை செலுத்த முடியாமற் போனால் என்ன நேரும்? இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

இது குறித்து நம்மிடையே இரண்டு எண்ணங்கள் உலவுகின்றன. ஒரு மாத வாடகை தவறினால் மறுநாளே வீட்டுக்காரர் பெட்டி படுக்கையைத் தெருவில் எறிந்துவிடலாம் என்பது ஒன்று. இது அச்சத்தால் பிறந்தது. சட்டம் குடியிருப்பவர் பக்கம், வழக்குப் போட்டாலும் முடிய இருபது ஆண்டாகும், ஆகவே கவலையில்லை என்பது மற்றொன்று. இது அசட்டைத் துணிவால் பிறந்தது. இரண்டுமே தவறு. முதல் எண்ணத்தால் கெட்டவர்களைவிட இரண்டாவது எண்ணத்தால் வீட்டை இழந்தவர்களே மிகுதி என்பது நம் கருத்து.

குடியிருப்பவரின் கடமைகள் இன்று நேற்று ஏற்பட்டவை அல்ல. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு அவற்றைக் கூறுகிறது. உரிய காலத்தில், உரிய இடத்தில் வாடகையைச் செலுத்த வேண்டும். வீட்டை நாம் பெற்ற நிலையிலேயே காத்துவர வேண்டும். நாட்பட்ட புழக்கத்தால் நேரும் தேய்மானம் நம் பொறுப்பன்று. குடியிருக்க வாங்கிய வீட்டில் கடை வைக்கலாகாது. வீட்டுக்காரரின் இசைவின்றி நிலையான கட்டடம் எதையும் எழுப்பலாகாது. காலம் முடிந்ததும் வீட்டை அவர் கையில் ஒப்படைக்க வேண்டும். அவர் செய்யக் கடமைப்பட்ட பழுதுபார்ப்பை, நாம் அறிவித்தும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், நாமே செய்து அச்செலவை வட்டியுடன் வாடகையில் கழித்துக்கொள்ளவும் அதே பிரிவு இடந்தருகிறது. இங்கு 'அறிவித்தும்' என்ற சொல்லை நேயர்கள் கவனிக்க வேண்டும். கூரை ஒழுகுகிறது என்று வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு வாடகையை நிறுத்திக்கொள்வது சட்டத்தின் கண்ணில் நிலுவையாகத்தான் தெரியும்.

இது நாடு முழுவதற்கும் பொதுவான அடிப்படை. இதற்கு மேல் ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று வாடகைச் சட்டம் வைத்திருக்கிறது. நம் உறவினர் சென்னையில் கண்ட அனுபவத்தைக் கொண்டு நாம் தில்லியில் நடந்துகொள்ள முடியாது. ஊருக்கு ஊர் சட்டம் மாறுகிறது.

தில்லியை எடுத்துக்கொள்வோம். 1958ஆம் ஆண்டின் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு நாள் குறிக்கப்படாவிட்டால், ஒரு மாதத்து வாடகையை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்திவிட வேண்டும். நிலுவை ஏற்பட்டால் வீட்டுக்காரர் முதலில் எழுத்து மூலம் கேட்க வேண்டும். அவ்வறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து இரண்டு மாதங்களுக்குள் பாக்கி முழுவதையும் செலுத்திவிட்டால் அந்தக் காரணம் காட்டி நம்மை வெளியேற்ற இயலாது. செலுத்தாவிட்டால் வழக்கு வரும். வந்த பின்னும் ஒரு வாய்ப்பு உண்டு. கட்டுப்பாட்டு அலுவலர் தொகையைக் கணக்கிட்டு, ஒரு மாதத்துக்குள் செலுத்துமாறும், அதன்பின் மாதந்தோறும் 15ஆம் தேதிக்குள் செலுத்திவருமாறும் உத்தரவிடுவார். அதன்படி நடந்தால் வெளியேற்ற உத்தரவு பிறவாது. ஆனால் இந்தச் சலுகை ஒரு வீட்டுக்கு ஒருமுறைதான். ஒருமுறை இதனால் தப்பியவர் பிறகு தொடர்ந்து மூன்று மாதங்கள் வாடகை தவறினால் அதே கதவைத் தட்டிப் பயனில்லை.

இவ்வளவு பாதுகாப்பு இருக்கிறதே என்று மகிழ்வதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1988ஆம் ஆண்டில் இச்சட்டம் திருத்தப்பட்டபொழுது, மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வீடுகள் இதன் வரம்பிலிருந்து நீக்கப்பட்டன. இன்று தில்லியில் புதிதாக வீடு எடுப்பவர்களில் அத்தொகைக்குள் அடங்குகிறவர் எத்தனை பேர்? பெரும்பாலோர்க்கு 1958ஆம் ஆண்டின் சட்டம் பெயரளவில்தான். கர்நாடகத்தின் 1999ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் பெங்களூர் போன்ற நகரங்களில் 3,500 ரூபாயைத்தான் எல்லையாக வைத்திருக்கிறது. எல்லைக்கு அப்பால் இருப்பவர்க்கு மீண்டும் 1882ஆம் ஆண்டின் சட்டமே கதி. அதன்படி, எழுத்தில் வேறு உடன்பாடு இல்லாத மாதவாடகைக் குடியிருப்பை 15 நாள் அறிவிப்பில் முடித்துவிடலாம், காரணம் கூறவேண்டியதில்லை. அதன் பின்னும் நாம் வெளியேறாவிட்டால் வீட்டுக்காரர் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் செல்ல வேண்டும். ஒப்பந்தத்தில் வாடகை தவறினால் குடியிருப்புரிமை பறிபோகும் என்ற நிபந்தனை இருந்து, அதைக் கொண்டே வழக்குத் தொடுக்கப்பட்டிருந்தால், விசாரணையின்போது பாக்கியை வட்டியுடனும் செலவுடனும் கட்டி மன்னிப்புக் கோர 114ஆம் பிரிவு வழிவிடுகிறது. மன்னிப்பது நீதிமன்றத்தின் விருப்பத்தைப் பொறுத்தது.

மும்பையின் நிலைமை வேறு. 1947ஆம் ஆண்டின் பழைய பம்பாய்ச் சட்டத்துக்குப் பதிலாக 1999ஆம் ஆண்டின் மகாராட்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டு மார்ச்சு 31 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி பாக்கியைக் கேட்டு அறிவிப்புக் கொடுத்து 90 நாட்கள் கழிந்த பின்னரே வழக்குத் தொடுக்கலாம். வழக்குமன்றத்தின் அழைப்பாணை கிடைத்த பின்னும் 90 நாட்களுக்குள் முழுப் பாக்கியையும் நூற்றுக்குப் பதினைந்து வட்டியோடும் வழக்குச் செலவோடும் கட்டி, தீர்ப்பு வரும்வரை தவறாமல் செலுத்திவந்தால் வெளியேற்றத் தீர்ப்பு கிடையாது. இது பழைய வாடகைதாரர்க்கும் முறையான வாடகை உடன்பாடு செய்தவர்க்கும் உரியது. நம்மவர்களில் இன்று மும்பை சேர்கிறவர்கள் கையெழுத்திடுவதோ பெரும்பாலும் 'லீவ் அண்டு லைசென்சு' என்னும் பதினொரு மாத அனுமதிப் பத்திரம். அனுமதி பெற்றவர் வாடகைதாரர் ஆகமாட்டார். காலம் முடிந்த பின் வெளியேறாமல் இருந்தால் மாதத் தொகையைப் போல் இரு மடங்கு நட்டஈடு செலுத்த நேரும். இரண்டு பத்திரங்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், விளைவு வெவ்வேறு.

கொல்கத்தாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 1997ஆம் ஆண்டின் மேற்கு வங்கச் சட்டம் பெற்றது. அங்கு பன்னிரண்டு மாத காலத்துக்குள் மூன்று மாத வாடகை தவறுவது வெளியேற்றத்துக்குக் காரணமாகும். அங்கும் வாடகைத் தொகைக்கு வரம்பு உண்டு.

பதினொரு மாதம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று சிலர் வியப்பதுண்டு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைப் பத்திரத்தைப் பதிவு செய்தே தீரவேண்டும் என்பது சட்டம். அந்தச் செலவைத் தவிர்க்க ஒரு மாதத்தைக் குறைத்துக்கொண்டார்கள். ஆயினும் மகாராட்டிரத்தில் பதினொரு மாதமானாலும் பத்திரத்தைப் பதிவு செய்தாக வேண்டும். அதைச் செய்விக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது.

இனி, நம்மவர் பலரும் அறியாமல் விழும் ஒரு பள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாம் வாடகை கொடுக்காமல் இருப்பது ஒன்று. கொடுக்கப் போனால் வீட்டுக்காரர் வாங்காமல் இருப்பது மற்றொன்று. பழைய வாடகையில் இருப்பவரை எப்படியாவது எழுப்ப வேண்டும் என்று நினைப்பவர் இதைச் செய்வதுண்டு. முதல் மாதம், "அடுத்த மாதம் சேர்த்துக் கொடுங்கள்" என்பார். அடுத்த மாதம், "நான் ஊருக்குப் போகிறேன், வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்பார். முகத்தில் சிரிப்பு மாறாது. நாமும் அவர் நல்லவர், அவசரமில்லை என்று அந்தப் பணத்தை மகளின் கல்லூரிச் சம்பளத்துக்குச் செலவழித்துவிடுவோம். ஐந்தாவது மாதம் வக்கீலின் அறிவிப்பு வரும், நான்கு மாத நிலுவை என்று. "அவர்தான் வாங்கவில்லை" என்று நாம் சொல்வோம். அதற்குச் சான்று என்ன?

இதற்கு மருந்து உண்டு. வீட்டுக்காரர் வாங்க மறுத்தால், முன்னாளில் மணியார்டர் அனுப்பி, அது திரும்பி வந்தாலும் அடிச்சீட்டைப் பத்திரப்படுத்தினார்கள். இன்று அவருடைய வங்கிக் கணக்கில் நேராகச் செலுத்தி, இன்ன மாதத்து வாடகை என்று குறிப்பு எழுதிவிடலாம். கணக்கு எண்ணும் தர மறுத்தால், வாடகை கொடுக்க வந்ததையும் அவர் மறுத்ததையும் கூறி ஒரு கடிதம் அனுப்பி, அதன் நகலை வைத்துக்கொள்ள வேண்டும். தில்லியில் பழைய சட்டத்தின் கீழ் உள்ளவர்கள், வீட்டுக்காரர் வாடகையை ஏற்காவிட்டாலும், ரசீது தர மறுத்தாலும், யாரிடம் கொடுப்பது என்று மெய்யான ஐயம் இருந்தாலும், கட்டுப்பாட்டு அலுவலரிடம் அத்தொகையைக் கட்டிவிடலாம். வாடகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து 21 நாட்களுக்குள் கட்டுவது முக்கியம். மேற்கு வங்கச் சட்டத்திலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. வீட்டுக்காரர் காலமாகி, பிள்ளைகளில் மூவரும் தனித்தனியே வாடகை கேட்கும்பொழுது இந்த வழியின் அருமை தெரியும்.

ரசீது கேட்பதை நம்மவர் ஒரு மரியாதைக் குறைவாகக் கருதுகிறார்கள். வீட்டுக்கார அம்மாள் நம் குழந்தைக்குப் பட்சணம் கொடுக்கிறார், அவரிடம் போய் ரசீதா என்று கூசுகிறார்கள். கேட்டுப் பெறுவது தில்லிச் சட்டம் தந்திருக்கும் உரிமை. வருமான வரிக்கு வேண்டும் என்று சொன்னால் கூச்சமும் தீரும், காரியமும் ஆகும்.

மற்றொரு பள்ளம், கோடை விடுமுறை. பள்ளிக்கூடம் மூடியதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்கோ கும்பகோணத்துக்கோ போகிறோம். ஒரு கல்யாணம், ஒரு சீமந்தம் என்று இரண்டு மாதம் ஓடிவிடுகிறது. அறிவிப்பு அந்த நேரம் பார்த்து வருகிறது. அஞ்சற்காரர் 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதித் திருப்பிவிடுகிறார். சரியான முகவரிக்கு முறைப்படி அனுப்பப்பட்ட அஞ்சல் சேர்ந்ததாகவே கொள்வதற்குச் சட்டத்தில் இடமுண்டு; சேரவில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை நம் தலையில் விழும். வந்த அஞ்சலை வாங்க மறுத்தாலோ கேட்கவே வேண்டாம், அதைப் பெற்றுக்கொண்டதாகவே கருதுவார்கள். வக்கீல் அறிவிப்பை வாங்காவிட்டால் வழக்கு வராது என்று எண்ணுவது கண்ணை மூடிக்கொண்ட பூனையின் கதைதான். ஊருக்குப் போகுமுன் வாடகையை முன்கூட்டிச் செலுத்தி, அண்டை வீட்டாரிடம் நம் முகவரியைக் கொடுத்துவிட்டுப் போகலாமே.

நீதிமன்றத்து அழைப்பாணைக்கும் இதே விதி. குறித்த நாளில் போகாவிட்டால் வீட்டுக்காரர் சொன்னதை மட்டும் கேட்டு ஒருதலைத் தீர்ப்பு ஆகிவிடும். அதை நீக்கக் கோர 30 நாள்தான் அவகாசம். அதுவும் கழிந்தால் நிறைவேற்று மனு, அதன் பின் அமீனா. வெளியேற மறுப்பவரை அப்புறப்படுத்தவும் வேண்டுமானால் பூட்டை உடைக்கவும் அமீனாவுக்கு நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. அந்த நாளில் நாம் எடுத்துரைக்கும் நியாயம் எதுவும் அவர் காதில் ஏறாது. ஏறவேண்டிய கட்டம் எப்போதோ கடந்துவிட்டிருக்கும். வக்கீல் வைக்க வசதியில்லை என்பவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் இனத்தவர்க்கும், தொழிலாளர்க்கும், வருமானம் குறைந்தவர்க்கும் இலவச உதவி உண்டு. வழக்கு எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊர் ஆணைக்குழுவைத்தான் அணுக வேண்டும்.

நீதிமன்றத்தின் தீர்ப்பு இல்லாமல் வெளியேற்ற முடியுமா? முடியாது. இதில் உச்ச நீதிமன்றம் உறுதியாக இருந்துவருகிறது. நிலைபெற்றுக் குடியிருப்பவர் உரிமையற்றவராகவே இருந்தாலும், சட்டத்தின் வழியிலன்றி அவரை அகற்றலாகாது என்று 1989ஆம் ஆண்டிலேயே அது கூறியிருக்கிறது. நாம் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் பூட்டை மாற்றிவிட்டால், ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடுத்து வீட்டைத் திரும்பப் பெற 1963ஆம் ஆண்டின் குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் 6ஆம் பிரிவு உதவும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி நம்மை விரட்டுவதைத் தில்லிச் சட்டமும் மகாராட்டிரச் சட்டமும் தடை செய்கின்றன. காவல் நிலையத்துக்கு இழுப்பேன் என்று மிரட்டுவோரும் உண்டு. வாடகை செலுத்தத் தவறியது மட்டுமே குற்றம் ஆகாது, அது உரிமையியல் விவகாரம் என்று 2022ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. கடன் கடன்தான், ஆனால் அதற்காகக் கைவிலங்கு இல்லை.

2020ஆம் ஆண்டின் ஊரடங்கை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. கூலி வேலைக்கு வந்தவர்கள் ஒரே வாரத்தில் வருமானம் இழந்து நின்றார்கள். மார்ச்சு 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம், இடம்பெயர்ந்த தொழிலாளரிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக்கூடாது என்றும், தொழிலாளரையும் மாணவரையும் வெளியேறக் கட்டாயப்படுத்தும் வீட்டுக்காரர்மேல் நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் உத்தரவிட்டது. அது ஒரு மாத நிழல். அதை நம்பி வாடகையே இல்லை என்று பல மாதம் இருந்துவிட்டவர்கள் பின்னர்த் துன்பப்பட்டார்கள். ஊரடங்கைக் காரணமாகக் கூறி வாடகையை நிறுத்திவைக்க ஒரு கடைக்காரர் கேட்டபொழுது, வீடோ கடையோ கையில் இருக்கும்வரை வாடகைக் கடமையும் இருக்கிறது என்று அவ்வாண்டு மே 21 அன்று தில்லி உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. துன்பக் காலத்தில் செய்யத்தக்கது, வீட்டுக்காரரிடம் முன்னதாகப் பேசி, எத்தனை மாதத்தில் எவ்வளவு என்று தவணை எழுதி இருவரும் கையெழுத்திடுவது. வாய்ப்பேச்சாகப் பெற்ற கருணையை வழக்குமன்றத்தில் காட்ட முடியாது.

"முன்பணத்தில் கழித்துக்கொள்ளட்டும்" என்ற பேச்சும் அடிக்கடி கேட்கிறது, பெங்களூரில் குறிப்பாக. அங்கு பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. அவ்வளவு பணம் அவர் கையில் இருக்கையில் பாக்கி எப்படி ஆகும் என்று தோன்றுவது இயல்பே. ஆயினும் வீட்டைக் காலி செய்யும்வரை அது ஈடாக வைக்கப்பட்ட தொகை. ஒப்பந்தத்தில் இடமிருந்தால் ஒழிய மாதந்தோறும் கழிக்கும்படி நாமாக முடிவு செய்துகொள்வது ஆபத்து. 2021ஆம் ஆண்டு சூன் 2 அன்று மத்திய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கு முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேற்படலாகாது என்கிறது. பெயருக்கேற்ப அது ஒரு மாதிரிதான். நாம் வாழும் மாநிலம் அதைத் தன் சட்டமாக்கினாலன்றி அதைச் சுட்டிப் பேச முடியாது.

ஊரிலிருந்து வேலை தேடி வரும் தம்பி, சித்தப்பா மகன், சிநேகிதரின் பிள்ளை என்று நம் வீட்டில் எப்பொழுதும் ஒருவர் தங்கியிருப்பார். அது உள்வாடகை ஆகாது, அஞ்ச வேண்டாம். ஆனால் நமக்கு மாற்றல் வந்து வேறூர் போகும்பொழுது, குறைந்த வாடகை வீட்டை விட மனமில்லாமல் அவர் கையில் விட்டுவிட்டுப் போனால், அது வீட்டைப் பிறர்க்கு ஒப்படைத்ததாகும். வாடகை ஒருநாளும் தவறாமல் வந்தாலும் அதன்பேரில் வெளியேற்றலாம். தில்லியில் அரசாங்கக் குடியிருப்பு ஒதுக்கப்பட்ட பின்னும் பழைய சட்டத்து வீட்டை வைத்துக்கொண்டிருப்பவர்க்கும் இதே கதி. ஒதுக்கீடு கிடைத்ததே அங்கு தனியாக ஒரு காரணம்.

மொழி அறியாமையால் நேரும் கேட்டையும் சொல்லியாக வேண்டும். வீட்டுக்காரர் இந்தியிலோ மராத்தியிலோ எழுதிய தாளை நீட்டி, "மின்சாரக் கணக்குக்காக ஒரு கையெழுத்து" என்பார். அது வீட்டை இன்ன தேதியில் காலி செய்கிறேன் என்று நாம் எழுதிக் கொடுத்ததாக இருக்கலாம். ஆறு மாத பாக்கி இருப்பதை ஒப்புக்கொண்டதாகவும் இருக்கலாம். படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்திடுவதில்லை என்று சொல்வதில் அவமரியாதை ஏதுமில்லை. அந்தத் தாளின் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், அவ்வூர்த் தமிழ்ச் சங்கத்தில் மொழி அறிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு மறுநாள் கையெழுத்திட்டால் மின்சாரக் கணக்கு ஒன்றும் கெட்டுவிடாது.

வீட்டைக் காலி செய்யும்பொழுது ஒன்று. சாமான்களை ஏற்றி அனுப்பிவிட்டோம் என்பதால் வாடகை நின்றுவிடாது. வீடு அவர் கைக்குப் போகும்வரை அது ஏறிக்கொண்டே இருக்கும். சாவியைக் காவற்காரரிடம் கொடுத்துவிட்டு இரயிலேறிய பின், "இன்னும் வீட்டை ஒப்படைக்கவில்லை" என்று இரண்டு மாத வாடகையை முன்பணத்தில் பிடித்துக்கொள்வதைப் பலர் கண்டிருக்கிறார்கள். கடைசி மின்சாரப் பட்டியலையும் தண்ணீர்ப் பட்டியலையும் செலுத்தி, சுவரையும் குழாய்களையும் அவருடன் சுற்றிப் பார்த்து, சாவியை அவர் கையிலோ அவர் எழுத்தில் நியமித்தவர் கையிலோ கொடுத்து, பெற்றுக்கொண்டதாகத் தேதியிட்டு ஒரு வரி வாங்கிக்கொள்ள வேண்டும். முன்பணம் எந்த நாளில் திரும்பும் என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லலாம்.